சின்ன மாற்றம் மூணாவது வாரம் ஏன் காணாமப் போகுது? அளவோட பேசுவோம்

வேளச்சேரி_வாசு
எங்க ஆபீஸ்ல இந்த வருஷ செக்கப் ரிப்போர்ட் ஏழெட்டுப் பேருக்கு ஒரே மாதிரி வந்திருக்கு. எச்பிஏ1சி (மூணு மாச சராசரி ரத்தச் சர்க்கரை) 5.9-லிருந்து 6.2 வரை, பி.பி. 136/88 பக்கம், ஆம்பளைங்களுக்கு இடுப்பு 95 செ.மீ.க்கு மேல. யாருக்கும் மாத்திரை எழுதலை. "லைஃப்ஸ்டைலை மாத்துங்க"ன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. கீட்டோ, ஜூஸ் டயட், ஆறு மாச ஜிம் பேக்கேஜ் எல்லாம் வேண்டாம். ஒரு வருஷம் கழிச்சும் வீட்டுல நிக்கிற மாதிரி எதுல ஆரம்பிக்கிறது? ஒரே கண்டிஷன், "குறைச்சுக்கோங்க"ன்னு மட்டும் சொல்லிட்டுப் போகாதீங்க. எவ்வளவுன்னு சொல்லுங்க.

சத்துணவு_மேடம்
முதல் மாசம் எதையும் குறைக்காதீங்க. எண்ணெய், சர்க்கரை, உப்பு மூணு பாக்கெட்டிலும் பிரிச்ச தேதியை ஸ்கெட்ச் பேனாவில் எழுதுங்க, காலியானதும் அந்தத் தேதியையும் எழுதுங்க. முதல் மாச வேலை அவ்வளவுதான்.

நாலு பேர் வீட்டுக்குக் கணக்கு இப்படி வரும். எண்ணெய் ஆளுக்கு மாசம் அரை லிட்டர், அதாவது ஒரு நாளைக்கு மூணு டீஸ்பூன் சொச்சம். நாலு பேருக்கு 2 லிட்டர், அதுல நெய்யும் சேர்த்தி. உப்பு, உலக சுகாதார நிறுவனம் சொல்ற உச்சவரம்பு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராம். நாலு பேருக்கு மாசம் 600 கிராம், அதுவும் வெளியில் சாப்பிடுறதையும் சேர்த்து. ஒரு கிலோ பாக்கெட் மாசக் கடைசியில் காலியானா, வீட்டுக்குள்ள மட்டுமே ஆளுக்கு 8 கிராம் தாண்டிடுச்சு. (மீன் கழுவ, கீரை அலச எடுக்கிற கல் உப்பைத் தனி டப்பாவில் வையுங்க, இல்லைன்னா கணக்கு தப்பும்.) சர்க்கரை ஆளுக்கு நாளைக்கு 25 கிராமுக்குக் கீழ இருந்தா நல்லது. அதுல பிஸ்கட்டும் கூல்டிரிங்க்ஸும் அடக்கம்.

தேதி எழுதுறதுல என்ன லாபம்னா, குறைக்கப் போறது எதுன்னு பாக்கெட்டே காட்டிக்கொடுக்கும். ஒரு வீட்டுல எண்ணெய் சரியா இருக்கும், சர்க்கரை இரண்டு மடங்கு ஓடும். அங்க போய் எண்ணெயைக் குறைச்சு என்ன ஆகப் போகுது?

டிகாஷன்_44
சர்க்கரைக்கு நான் வரேன். காபி ஸ்பூனைக் கூம்பாக அள்ளிப் போடுறதும் தலைதட்டிப் போடுறதும் ஒண்ணு இல்லை. தலைதட்டின டீஸ்பூன் சுமார் 4 கிராம். கூம்பா அள்ளினா 6, 7 கிராம் வந்துடும். ஒரு டம்ளருக்கு இரண்டு ஸ்பூன், நாளைக்கு மூணு டம்ளர்னா வித்தியாசம் 12 கிராமுக்கு மேல. அதனால முதல் இரண்டு வாரம் ஸ்பூன் எண்ணிக்கையைத் தொடவே வேண்டாம், தலைதட்டினா போதும். அடுத்த இரண்டு வாரம் ஒண்ணே முக்கால். பிறகு ஒண்ணரை. இரண்டு வாரத்துக்கு கால் ஸ்பூன், அதுக்கு மேல அவசரப்படாதீங்க. ஒரே நாளில் பாதியாக்கினா நாலாவது நாள் பழைய அளவுக்குப் போயிடும், கூட ஒரு மிக்சர் பாக்கெட்டும் வந்து சேரும்.

ஒரு வில்லங்கம் இருக்கு. சர்க்கரை குறையும்போது சிக்கரியோட கசப்பு மேல வரும். 70:30 பொடி (காபி 70, சிக்கரி 30) வாங்குறவங்க அந்தச் சமயத்துல 85:15-க்கு மாறுங்க, இரண்டாவது டிகாஷனைக் கலக்காதீங்க. பழைய டிகாஷனைச் சூடு பண்ணினாலும் கசக்கும். நாக்கு கெட்ட காபியைச் சர்க்கரையாலதான் மன்னிக்கும்.

டீக்கடையில "சக்கரை கம்மி"ன்னா மாஸ்டர் கைக்கு வந்த அளவு. கிளாஸ் அடியில சக்கரையைப் போட்டு மேல டீயை ஊத்துற கடைன்னா "கலக்காம குடுங்க"ன்னு கேளுங்க. அடியில பாதி தங்கிடும்.

மாம்பலம்_மாமி
எண்ணெயைப் பத்தி ஆம்பளைகள் பேசறதுக்கு முன்னாடி நான் சொல்லிடறேன். சாம்பார், ரசம் தாளிப்புல எண்ணெய் போறதில்லை. நாலு பேர் சாம்பாருக்கு ஒரு டீஸ்பூன்ல கடுகு நன்னாவே வெடிக்கும், சின்ன இரும்புத் தாளிப்புக் கரண்டியாயிருந்தா. அகலமான வாணலில தாளிச்சா அடியில பரவி, கடுகு முங்கறதுக்கே இரண்டு மூணு ஸ்பூன் கேக்கும். எண்ணெய் போற இடம் உருளைக்கிழங்கு வதக்கல், கத்திரிக்காய், தோசை. கிழங்கை முக்கால் வேக்காடு வேக வெச்சுட்டு வதக்குங்கோ, மூணு டேபிள்ஸ்பூன் வாங்கறது ஒண்ணுல அடங்கும். கத்திரிக்காய்க்கு உப்பும் ஒரு கை தண்ணியும் தெளிச்சு அஞ்சு நிமிஷம் மூடி வெச்சுட்டு, அப்புறம் எண்ணெய் விடணும். முதல்லயே விட்டா பஞ்சு மாதிரி குடிச்சுடும்.

தோசைக்குப் பாட்டிலைச் சாய்க்காதீங்கோ. கிண்ணத்துல ஒரு நாள் எண்ணெயை அளந்து விட்டு, அதிலேர்ந்து ஸ்பூனால எடுங்கோ. கிண்ணம் காலின்னா அன்னிக்கு அவ்வளவுதான்.

உப்பைப் பத்துல ஒரு பங்கு குறைச்சா யாரும் கண்டுபிடிக்கமாட்டா. நாலுல ஒரு பங்கு குறைச்சா தட்டு ஓரத்துல ஊறுகாய் வந்து உக்காரும், குறைச்சது அதுலயே திரும்பிடும். ஒரே வேளைல ஊறுகாயும் அப்பளமும் மோர்மிளகாயும் வேண்டாம், மூணுல ஒண்ணு. சாப்பாட்டு மேஜைலேர்ந்து உப்பு ஜாடியை எடுத்துடுங்கோ. அது பாதி வேலை.

அரைக்கரண்டி
எல்லாரும் அழகா பேசுறீங்க. ஆனா கால் ஸ்பூன் சர்க்கரையாலயும் தாளிப்புக் கரண்டியாலயும் சுகர் வராம நிக்குமா? இதெல்லாம் மனசுக்கு ஒரு திருப்தி, அவ்வளவுதான்னு தோணுது.

திருவான்மியூர்_டாக்டர்
நியாயமான சந்தேகம். அதற்கு இந்த ஊரிலேயே பதில் இருக்கிறது. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு 2006-இல் வெளியானது. சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேர், மூன்று ஆண்டு. வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. உணவு, நடை மாற்றம் செய்தவர்களில் 39.3 சதவீதம். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிட்டவர்களில் 40.5. அவர்களைக் கேட்டது ஒரு நாளைக்கு அரை மணி நடை, சர்க்கரையும் மாவும் எண்ணெயும் குறைவு, நார்ச்சத்து அதிகம், இவ்வளவுதான். எடை பெரிதாகக் குறையவில்லை, ஆனாலும் பலன் கிடைத்தது. எடைமெஷின் முள் அசையவில்லை என்று மூன்றாவது வாரம் கைவிடுகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

அதே சமயம் 39 சதவீதம் பேருக்கு வந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. எச்பிஏ1சி மூன்று மாதத்துக்கு ஒரு முறை பாருங்கள். 6.5 தொட்டால் தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள். அதை முந்தைய மாதங்களின் தோல்வியாக நினைத்து ஒதுங்க வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கை. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு மாதிரி சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் இந்த இழையைப் படித்துவிட்டு நாளைக்கே சாதத்தைப் பாதியாக்காதீர்கள். ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கிவிடலாம். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு வந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மருந்தின் அளவை முதலில் பேசிவிட்டுப் பிறகு சாதத்தைத் தொடுங்கள்.

சத்துணவு_மேடம்
சாதத்துக்கு வந்துட்டோம், இங்கதான் நிறையப் பேர் சறுக்குறாங்க. "சாதத்தை விட்டுட்டேன், சப்பாத்தி"ன்னு நாலு சப்பாத்தி. இல்லைன்னா "சிறுதானியம்"னு சாமைச் சோறு இரண்டு கப். மாவுச்சத்துக் கணக்குல அரிசிக்கும் சாமைக்கும் மலைக்கும் மடுவுக்குமான தூரம் ஒண்ணும் இல்லை. நார் கூட, அது நல்லதுதான். ஆனா அளவு அதேன்னா பலன் கொஞ்சம்தான். கேழ்வரகைக் கஞ்சியாக் காய்ச்சிக் குடிச்சா இன்னும் சீக்கிரம் ரத்தத்துல ஏறும். களியாவோ அடையாவோ சாப்பிட்டா அதைவிட மெதுவா.

நம்ம சாப்பாடு மூணு சுற்று: சாம்பார் சாதம், ரச சாதம், மோர் சாதம். சுற்றுக்கு ஒரு கரண்டின்னாலும் மூணு கரண்டி. சமைச்ச சாதம் 150 கிராம்ல மாவுச்சத்து 40 கிராம் பக்கம் இருக்கும். மூணு கரண்டி அதை எளிதாத் தாண்டும். சாம்பார் சாதத்தைத் தொடாதீங்க, அதுலதான் ருசியும் பருப்பும். மூணாவது சுற்றை மட்டும் மாத்துங்க: சாதம் இல்லாம மோரை டம்ளர்ல குடிங்க, பெருங்காயம் கறிவேப்பிலை போட்டு. ஒரு மாசம் இது மட்டும். நின்னுடுச்சுன்னா அடுத்த மாசம் ரசத்தையும் டம்ளருக்கு மாத்துங்க.

ஆனா எடுத்த இடத்தைக் காலியா விடாதீங்க. விட்டா நாலு மணிக்கு பஜ்ஜி வாசனை இழுக்கும். சாதம் தட்டுல விழுறதுக்கு முன்னாடி பொரியலோ கூட்டோ ஒரு கிண்ணம், சுமார் 100 கிராம், தனியாச் சாப்பிட்டு முடிங்க. காயும் பருப்பும் முதல்ல, சாதம் கடைசியில போனா சாப்பாட்டுக்கு அப்புறம் ஏறுற சர்க்கரை மட்டுப்படும். அசைவம் சாப்பிடுறவங்க முட்டை, மீனை முதல்ல. சாயங்காலத்துக்கு 30 கிராம் கொண்டைக்கடலை, ஊறவைக்கும் முன் எடைபோட்டது, சுண்டல். அதுல புரதம் கிட்டத்தட்ட 6 கிராம்.

பால்பூத்_பாலு
இடையில ஒரு குறிப்பு. ஒரே ஒரு தடவை முடிவெடுத்தா தினமும் தானா நடக்குற மாற்றம் பால் பாக்கெட். ஆவின் ஆரஞ்சுல கொழுப்பு 6 சதவீதம், பச்சை 4.5, நீலம் 3. நாளைக்கு ஒரு லிட்டர் வாங்குற வீட்டுல ஆரஞ்சுலேர்ந்து நீலத்துக்கு வந்தா நாளுக்கு 30 கிராம் கொழுப்பு குறையும். நேரா நீலத்துக்குத் தாவினா காபி தண்ணியாயிடுச்சுன்னு வீட்டுல சண்டை வரும். ஒரு மாசம் பச்சை, அப்புறம் பச்சை ஒண்ணு நீலம் ஒண்ணு. பூத்துல சொல்லி கார்டை மாத்திட்டா தினம் யோசிக்க வேண்டாம். சின்னக் குழந்தைங்களுக்கு இது பொருந்தாது.

பெரம்பூர்_பிசியோ
நடை. 10,000 அடின்னு எல்லாரும் பயமுறுத்துறாங்க. அது 1965-ல ஜப்பான்ல ஒரு அடி எண்ணும் கருவியை விற்க வெச்ச பேரிலேர்ந்து வந்த எண்ணிக்கை. டாக்டர் எழுதின சீட்டு இல்லை. வாரம் 150 நிமிஷம் மிதமான வேகம், அதுதான் இலக்கு. மிதமான வேகம்னா நிமிஷத்துக்கு 100 அடி பக்கம். பேச முடியணும், பாட முடியக் கூடாது.

ஆரம்பிக்கிறவங்களுக்கு இராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் பத்து நிமிஷம். சர்க்கரை ஏறுற நேரத்துலயே தசை அதை இழுத்துக்கும். "சாயங்காலம் நடப்பேன்"னு வெச்சுக்கிட்டா நிக்காது, சாயங்காலத்துக்கு வாசலும் இல்லை கதவும் இல்லை. "தட்டைக் கழுவிக் கவிழ்த்ததும் செருப்பு" அப்படின்னு ஒரு செயலோட முடிச்சுப் போடுங்க. அந்தச் செயல் ஞாயித்துக்கிழமையும் நடக்கிறதா இருக்கணும். ஆபீஸ் லிஃப்ட்டோட முடிச்சுப் போட்டா சனி ஞாயிறு அறுந்துடும், வொர்க் ஃப்ரம் ஹோம்னா மொத்தமா அறுந்துடும்.

அளவு உங்க மோசமான நாளுக்குப் பொருந்தணும். நைட் ஷிஃப்ட், மழை, தலைவலி இருக்கிற நாள்ல எவ்வளவு முடியுமோ அதுதான் குறைந்தபட்சம். அஞ்சு நிமிஷம்னாலும் சரி. நல்ல நாள்ல கூட நடந்துக்கலாம், குறைந்தபட்சத்தை மட்டும் ஏத்தாதீங்க.

தசைக்கு நாற்காலி. இட்லி வேகுற பத்து நிமிஷம் போதும். சக்கரம் இல்லாத நாற்காலியைச் சுவரோட ஒட்டிப் போட்டு, கையை மார்புல கட்டி, எழுந்து உட்காருங்க. அஞ்சு தடவை, ஒரு நிமிஷம் ஓய்வு, மறுபடி அஞ்சு. வாரத்துல மூணு நாள். உட்காரும்போது தொப்புன்னு விழாம மூணு எண்ணி இறங்கணும், பலனே அதுலதான். எழும்போது மூச்சை விடுங்க. அடக்கினா பி.பி. ஏறும். முட்டி வலிச்சா சீட் மேல தலையணை போட்டு உயரத்தைக் கூட்டுங்க. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒண்ணு கூட்டி, பத்துல நிறுத்திக்கலாம்.

வேளச்சேரி_வாசு
நம்ம ஊர்ல அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரை எங்க நடக்கிறது சார்? வேளச்சேரியில முழங்கால் தண்ணி. மே மாசம் அக்னி நட்சத்திரம்.

பெரம்பூர்_பிசியோ
மழைக்கு முன்னாடியே இரண்டாவது இடத்தை முடிவு பண்ணி வையுங்க, மழை வந்தப்புறம் யோசிச்சா போச்சு. அபார்ட்மென்ட் காரிடார், ஹால்ல சோபாவைச் சுத்தி, இல்லைன்னா நின்ன இடத்துலயே முட்டியைத் தூக்கி நடை. டிவி விளம்பர இடைவேளை மூணு சேர்ந்தா பத்து நிமிஷம் ஆச்சு. வெயில் காலத்துல காலை 6.30-க்குள்ள. பெசன்ட் நகர்ல 2023-ல தொடங்கின 8 கி.மீ. நடைபாதை மாதிரி இடம் பக்கத்துல இருந்தா சரி, ஆனா வண்டி எடுத்துப் போக வேண்டிய இடம்னா தினசரிக்கு ஆகாது. ஞாயித்துக்கிழமைக்கு வெச்சுக்கோங்க.

மொட்டைமாடி நல்ல இடம், ஆனா சர்க்கரை இருக்கிறவங்க வெறுங்காலோட நடக்காதீங்க. சாயங்காலம் அஞ்சு மணிக்கும் தளம் கொதிக்கும், மரத்த பாதத்துக்குச் சுடுறது தெரியாது, கொப்புளம் மறுநாள்தான் கண்ணுல படும். நடந்து வந்ததும் இரண்டு உள்ளங்காலையும் பாருங்க. குனிய முடியலைன்னா கண்ணாடியைத் தரையில வெச்சுப் பாருங்க. நடக்கும்போது நெஞ்சை அழுத்தினாலோ இடது கை, தாடை இழுத்தாலோ நடையை நிறுத்திட்டு உடனே ஆஸ்பத்திரி.

அரைக்கரண்டி
சரி, ஒத்துக்கிறேன். 21 நாள் செஞ்சா பழக்கமாயிடும்னு வாட்ஸ்அப்ல சொல்றாங்களே? 21 நாள் தாண்டி எனக்குத் தெரிஞ்ச யாருக்கும் நிக்கலை.

சத்துணவு_மேடம்
21 நாள் கணக்கை மறந்துடுங்க. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ்ல 96 பேரை வெச்சுப் பார்த்த ஆய்வுல சராசரி 66 நாள். ஆளுக்கு ஆள் 18-லிருந்து 254 நாள் வரை போச்சு. சாப்பாட்டோட ஒரு டம்ளர் தண்ணி குடிக்கிறது சீக்கிரம் ஒட்டிக்கும், உடற்பயிற்சிக்கு நாள் பிடிக்கும். நடுவுல ஒரு நாள் விட்டுப்போனது எதையும் கெடுக்கலை. இரண்டு நாள் சேர்ந்தாப்போல விடாம பாத்துக்கோங்க, அது என் அனுபவக் கணக்கு.

இன்னொண்ணு, ஒரே சமயத்துல ஒரே மாற்றம். பாலும் சர்க்கரையும் நடையும் ஒரே திங்கட்கிழமை ஆரம்பிச்சா எது நின்னுது, எது பலன் தந்துச்சுன்னே தெரியாது. நினைவூட்டலுக்கு போன் அலாரம் பரவாயில்லை. ராமச்சந்திரன் குழுவே 2013-ல வெளியிட்ட இன்னொரு ஆய்வுல, போன்ல குறுஞ்செய்தி வந்த ஆண்கள்ல 18 சதவீதம் பேருக்கும் வராதவங்கள்ல 27 சதவீதம் பேருக்கும் இரண்டு வருஷத்துல சர்க்கரை வந்தது. அவங்க அனுப்பினது உணவு, நடை பத்தின குறிப்புகள். வெறும் "தண்ணி குடி" அலாரத்தைப் பத்து நாள்ல கை தானா அணைச்சுடும்.

உப்புமா_பிரியன்
கடையில சோடியம் குறைச்ச உப்புன்னு ஒண்ணு விக்கிறாங்க. அதுக்கு மாறினா பி.பி. வேலை முடிஞ்சுதா? இல்லைன்னா இந்துப்பு?

திருவான்மியூர்_டாக்டர்
இந்துப்பும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான், நிறம் மட்டும் வேறு. அயோடினும் பெரும்பாலும் இருக்காது. கல் உப்பு வாங்கினால் அயோடின் சேர்த்ததா என்று பாக்கெட்டைப் பாருங்கள்.

சோடியம் குறைத்த உப்பில் சோடியத்தின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகம் சரியாக உள்ளவர்களுக்கு உதவும். ஆனால் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு) ஏறியவர்கள், டெல்மிசார்டன், எனலாபிரில், ஸ்பைரோனோலாக்டோன் மாதிரி பி.பி. மாத்திரை எடுப்பவர்கள் கேட்காமல் வாங்கக் கூடாது. பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடம் மாறும். நம் ஊரில் பி.பி.க்கு டெல்மிசார்டன் எடுப்பவர் வீட்டுக்கு ஒருவர் இருப்பார், சமையலோ எல்லோருக்கும் ஒரே பாத்திரத்தில். அதனால் பொதுவாக நான் இதைச் சொல்வதில்லை. மாமி சொன்ன பத்தில் ஒரு பங்கு வழியே பத்திரம்.

136/88 என்பதும் எப்படி எடுத்தது என்பதைப் பொறுத்தது. காபிக்கு முன், சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். பாதம் தரையில், கை மேஜை மேல் நெஞ்சு மட்டத்தில். சட்டைக் கையைச் சுருட்டி இறுக்காமல் கழற்றிவிடுங்கள். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை, காலையும் இரவும், ஏழு நாள். முதல் நாளை விட்டுவிட்டு மற்றவற்றின் சராசரி 135/85 தாண்டினால் கொண்டு வாருங்கள். புஜச் சுற்றளவு 32 செ.மீ.க்கு மேல் என்றால் பி.பி. மெஷினுக்குப் பெரிய பட்டை வாங்க வேண்டும். பட்டை சின்னதாக இருந்தால், இல்லாத பி.பி.யைக் காட்டும்.

வேளச்சேரி_வாசு
கடைசியா ஒண்ணு. ஆவணி, தை மாசம் வாரத்துக்கு இரண்டு கல்யாணம். பந்தியில கரண்டிக் கணக்கு எல்லாம் என்னாகும்?

மாம்பலம்_மாமி
பந்தியில அளவு உங்க கைல இல்லை, பரிமாறறவன் கைல. அவன் சாதத்தைச் சரிக்கறதுக்கு முன்னாடி இலை மேல கையைக் காட்டணும். விழுந்தப்புறம் "போதும்"னு சொல்லிப் பிரயோஜனமில்லை. கூட்டு, பொரியல், அவியலை முதல் சுற்றுலயே இன்னொரு தடவை கேட்டு வாங்கிக்கோங்கோ, அவனுக்கும் சந்தோஷம். சாம்பார் சாதம் ஒரு சுற்று, ரசத்தைத் தொன்னைல வாங்கிக் குடிங்கோ. அப்பளம் ஒண்ணு. பாயசம் வேண்டாம்னு சொல்லாதீங்கோ, பக்கத்து இலைக்காரர் உபசாரத்துல இரண்டா வந்துடும். ஒரு கப் வாங்கிண்டு நிதானமாச் சாப்பிடுங்கோ. இரண்டாவது வாளி வரிசை திரும்பறச்சே இலையை உங்க பக்கமா மடிச்சுடுங்கோ.